நாற்பதுக்கு மேல் போகாது

தேசப்பனுக்கு வண்டியை விற்க மனசில்லை.
பதினெட்டு வருஷம் ஓடிய பள்ளிக்கூட வேன்.
இருக்கைகளைக் கழற்றி
காயலான் கடையில் எடை போட்ட அன்று
உள்ளே ஏறி நின்று பார்த்தேன்.
ஒரு படுக்கை, ஓர் அடுப்பு,
இரண்டு தண்ணீர்க் கேன் போக
நடக்கக் கொஞ்சம் இடம்.
கவரப்பேட்டை வாடகை வீட்டைவிட
காற்றோட்டம்.

மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தோம்.
வெயில் ஏற ஏற, அடியிலிருந்து
பள்ளியின் பெயர் மெல்லக் கிளம்பும்,
பாதி எழுத்து மட்டும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை
அவர் கழற்றவில்லை.
நாற்பது. அதற்கு மேல் முள் அசையாது.
கல்கத்தா நெடுஞ்சாலையில்
எங்களைத் தாண்டாதது எதுவுமில்லை:
கன்டெய்னர், வைக்கோல் டிராக்டர்,
ஒரு குட்டியானை, அதன்மேல் கல்யாணக் குதிரை.
குதிரை திரும்பி எங்களைப் பார்த்தது.

ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியில்
"என்ன லோடு?" என்றார்கள்.
"வீடு" என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் தேடினார் ஒருவர்.
கடைசியில் 'காலி' என்று எழுதி
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

தடா தாண்டி, நுங்கு விற்பவள்
"எக்கடிகி?" என்றாள்.
"எக்கடிகீ காது" என்றார் இவர்.
அந்தப் பக்கம் காது என்றால் 'இல்லை'.
எங்கேயும் இல்லை, தாயே,
பன்னிரண்டு நுங்கு கொடு.

சூளூர்ப்பேட்டையில் கிழக்கே திரும்பினால்
சாலையின் இரு பக்கமும் பழவேற்காட்டு ஏரி.
மே மாதம் ஏரி ஊரில் இருப்பதில்லை.
வெடித்த மண். உப்புப் பூத்த வெள்ளை.
ஒருக்களித்துப் படுத்த தோணிகள்.
தொலைவில் மட்டும் தண்ணீர் தண்ணீராய்க் கானல்;
அதற்குள் ஒருவன் சைக்கிளில் போனான்,
சக்கரங்கள் இல்லாமல்.

டயர்த் தடம் பார்த்து இறங்கினோம்.
ஒரு நாளைக்கு இரண்டு மைல், சில நாள் அதுவுமில்லை.
சரியாக மூன்று நாற்பதுக்கு
அவர் எழுந்து சட்டை மாட்டுவார்,
வண்டியை ஒருமுறை சுற்றி வருவார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கிளப்பும் முன் கண்ணாடியில் பார்த்து
உதடு அசைய எண்ணுவார்.
இருபத்து மூன்று வரை போன எண்ணிக்கை
இப்போது ஒன்றில் நிற்கிறது.
அந்த ஒன்று
வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்.

கதவு ரப்பருக்குள்ளிருந்து
ஒரு பால்பல் கிடைத்தது.
யாருடையது என்று பேர் பேராய்ச் சொல்லிப் பார்த்தார்.
"அதுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு" என்றார்,
எது என்று சொல்லாமல்.

அவர் விடிகாலை போவார்,
நான் ஆஸ்பத்திரியில் இரவு முடித்து வருவேன்.
முப்பது வருஷம் வாசலில்
சாவி மாற்றிக்கொண்ட இரண்டு பேர்.
நான் குறட்டை விடுவது
அவருக்கு இந்த ஏரியில்தான் தெரிந்தது.
அவர் தூக்கத்தில் "இறங்கு, பார்த்து இறங்கு" என்பது
எனக்கு.

ஐந்தாம் நாள் காலை
"ஓட்டிப் பாரேன்" என்றார்.
"இடிக்க இங்கே என்ன இருக்கு?"
கிளட்ச்சைச் சொல்லிக்கொடுத்தார், பிரேக்கைச் சொன்னார்.
முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்க்க இறங்கினார்.

கால் தானாக எழுந்தது.
வண்டி துள்ளி, இருமி, நகர்ந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நொறுங்கும் சிப்பியின் சத்தம்
பாத்திரங்களின் சத்தத்தோடு கலந்தது.
கண்ணாடியில் பார்க்கவே மறந்துபோனேன்.

பார்த்தபோது
ஒரு கையில் செருப்பு, மறு கையில் லுங்கி,
தூசிக்குள் ஓடிவருகிறார் ஒருவர்,
"ரத்தினம்! பிரேக்கு! பிரேக்கு!"
சின்னதாகிக்கொண்டே.

ஸ்டியரிங்கை ஒடித்தேன்.
அவரை நடுவில் வைத்து
பெரிய வட்டமாய் ஒரு சுற்று.
ஓடுவதை விட்டுவிட்டு
இடுப்பில் கை வைத்து
நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

நிறுத்தத் தெரியும் எனக்கு.
முள் நாற்பதைத் தொட்டு நடுங்கியது.
இன்னொரு சுற்று.